முழுப்பணமும் பெற்றுக்கொண்டேன்

அன்பு மகனுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு இந்த மழைக்கு இருமல் விட்டபாடில்லை. உன் கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் சொல்லியாகிவிட்டது. பந்தல்காரரும் வந்து அளந்துவிட்டுப் போனார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் உன் நண்பர் வீட்டில் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அவருடைய பழைய காரை நீ வாங்குகிறாய். பாதிப் பணம் கொடுத்தாய், மீதியை மூன்று மாதத்தில் தருகிறேன் என்றாய். "நமக்குள்ள என்ன இருக்கு, மெதுவாக் குடுலா" என்று அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கைகுலுக்கப் போன நேரத்தில் நான் என் வேலை ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்து வந்ததை மேசைமேல் வைத்து, ஒரு தாள் கேட்டு, "முழுப்பணமும் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க தம்பி. நாளைக்கே பேர் மாத்திருங்க" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். "அப்பா, உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாது." வீடு வந்ததும் அம்மா கலக்கிய தேநீரைக்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய்.

நான் நம்பாமல் கேட்டது உன் நண்பரை அல்ல, அய்யா. அதைச் சொல்வதற்கு நீ பிறந்த வருஷத்துக்குப் போக வேண்டும். ரிங்லெட்டுக்கு மேலே, நம் பழைய எஸ்டேட்டில், நானும் அம்மாவும் லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்த காலம். அடுத்த கதவு சின்னப்பன் வீடு. உனக்கு மாமா முறை. எனக்கு மச்சான். அவனும் நானும் தேயிலை ஃபேக்டரியில் ஒரே மெஷினில் வேலை பார்த்தோம். இலை வாடும் வாசனை சட்டையில் ஏறிக்கொண்டு, துவைத்தாலும் போகாது. தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமசுக்கு அவன் மனைவி சுட்ட அச்சுப்பலகாரம் நம் வீட்டுக்கு வரும். அம்மா உன்னைச் சுமந்திருந்தபோது புளிப்பாக எதையாவது கேட்டால், அவன் மனைவிதான் மலைச்சரிவில் இறங்கிப் பழம் பறித்து வருவாள். பனி இறங்கும் சாயங்காலங்களில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு எரியும். அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த நேரத்தைப் போல ஒரு நேரம் எனக்குப் பிறகு அமையவேயில்லை.

சின்னப்பனிடம் ஒரு மோட்டார் இருந்தது. பச்சை நிறம், எழுபது சிசி, ஜப்பான் வண்டி. நம் லயத்தில் முதல் மோட்டார் அதுதான். ஞாயிற்றுக்கிழமையானால் துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்ப்பான். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்க மிதிக்காத மச்சான், தடவு, தடவு" என்று கத்துவான். ஒருமுறை தேயிலைச் செடிக்குள்ளேயே இரண்டு பேரும் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கிடந்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் உன் அம்மாவும் ஒருத்தி.

அந்தச் சமயத்தில்தான் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்ற பேச்சு வந்தது. சின்னப்பன் கைக்குழந்தையாக லால்குடிப் பக்கமிருந்து கப்பலில் வந்தவன். அவனுடையது சிவப்பு அட்டை. அவன் தம்பி ஞானப்பிரகாசம் இங்கே பிறந்தவன், நீல அட்டை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் இருக்கலாம், ஒருவன் போக வேண்டும். பெர்மிட் கிடைக்காது என்று தெரிந்த அன்று சின்னப்பன் மோட்டாரைத் துடைத்து முடித்துவிட்டு, "இத நீ வச்சுக்க மச்சான். நானூறு வெள்ளி குடு. வெளியாளுக்கு விக்க மனசு வரல" என்றான்.

எனக்கு அந்த மோட்டார் வேண்டும். எஸ்டேட்டின் மூன்று டிவிஷனுக்கும் போய் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சொந்த மோட்டார் இருப்பவனுக்குத்தான் என்று துரை சொல்லிவிட்டார். சம்பளம் கூடும், தனி வீடு கிடைக்கும். இருநூற்றைம்பது வெள்ளியை உடனே கொடுத்தேன். மீதி நூற்றைம்பதைக் கிளம்புவதற்குள் தருகிறேன் என்றேன். வண்டியின் கிராண்ட், அதாவது பதிவு அட்டையை, அவன் அப்போதே என் கையில் கொடுத்துவிட்டான். ஈப்போவுக்கு ஒன்றாகப் போய்ப் பேர் மாற்றலாம் என்று பேசியிருந்தோம். அதற்குள் கப்பல் தேதி முன்னால் வந்துவிட்டது.

அவன் மனைவியோடு கிளம்பிய நாளில் ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்தில் நம் லயமே கூடியிருந்தது. நூற்றைம்பது வெள்ளி என் சட்டைப் பையில் இருந்தது. காலையில் உன் அம்மா டின்னிலிருந்து எண்ணிக் கொடுத்த பணம். சின்னப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றான். கேட்கவில்லை. எனக்கும் கை பைக்குப் போகவில்லை. இதற்கு ஒரு காரணம் சொல்ல எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்தேன். பிரசவச் செலவு என்று சொல்லலாம். அது உண்மை இல்லை, பிரசவத்துக்கு வேறு பணம் வைத்திருந்தோம். ஊருக்குப் போகிறவன், இனி வரப்போவதில்லை, எல்லார் முன்னாலும் கேட்கமாட்டான். அதுதான் என் மனசில் ஓடியது, வேறொன்றுமில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். "சரி மச்சான், எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

அந்தப் பணத்தில் ஒரு கைக்கடிகாரமும் கம்பளிக் கோட்டும் வாங்கினேன். ஃபிட்டர் வேலை கிடைத்தது. மூன்றாவது வாரம் நீ பிறந்தாய். அம்மா மட்டும் அவ்வப்போது, "மணியார்டர் அனுப்பியாச்சா?" என்று கேட்பாள். அடுத்த மாசம் என்பேன்.

வருஷ முடிவில் ரோட் டாக்ஸ் முடிந்தது. ஈப்போவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். வண்டி உங்கள் பேரில் இல்லை. விற்றவர் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் விற்றுப் பணம் பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதமாவது வேண்டும் என்றார். அந்த ஒரு வரிக் கடிதம் என்னிடம் இல்லை. கேட்டிருந்தால் பஸ் நிற்கும் இடத்திலேயே சின்னப்பன் எழுதிக் கொடுத்திருப்பான். ஆனால் பணத்தைக் கொடுக்காமல் எப்படிக் கேட்பது? டாக்ஸ் இல்லாமலே ஓட்டினேன். ஒருநாள் ரிங்லெட் முச்சந்தியில் போலீசார் நிறுத்தினார்கள். யார் வண்டி என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். அட்டையில் வேறு பேர். சம்மன் எழுதி, தகுந்த காகிதம் கொண்டுவரும் வரை என்று சொல்லி மோட்டாரை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள்.

ஞானப்பிரகாசம் அப்போது லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் வாசலில் பச்சை மோட்டாரைப் பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலமே நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். முழுப்பணமும் கொடுத்துவிட்டேன் என்றுதான் லயத்தில் நான் சொல்லி வைத்திருந்தேன். "அண்ணே, பினாங்குல கப்பல் ஏறுறப்ப டிக்கெட் எடுத்தது போக எங்கண்ணன் கையில காசே இல்ல. எங்கிட்ட எம்பது வெள்ளி கடன் வாங்கிட்டுத்தான் போனாரு. நீங்க முழுசாக் குடுத்திருந்தா அந்தக் காசு எங்க போச்சு?" என்றான். கேட்டது நியாயம். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "என்னைத் திருடன்றியா?" என்று கத்தினேன். லயத்துச் சனம் கூடிவிட்டது.

விஷயம் பெரிய கிராணியிடம் போனது. எஸ்டேட் ஆபீசில் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவர். சண்டை சச்சரவு வந்தாலும் எல்லாரும் அவரிடம்தான் போவோம். ஆபீஸ் வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். அம்மாவும் உன்னைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிராணி என்னைக் கேட்டார். "ரசீது இருக்கா?" இல்லை என்றேன். "சாட்சி?" இல்லை என்றேன். "அப்புறம் எப்படிப்பா உன்னை நம்புறது?" என்றார். வேலை போய்விடும், வீடு போய்விடும், இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடும். திரும்பி, உன் அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்த உன் தலையில் கையை வைத்தேன். "இந்தப் பிள்ளை மேல சத்தியம். நானூறு வெள்ளியும் குடுத்துட்டேன்" என்றேன்.

உன் தலை அப்போது என் உள்ளங்கைக்குள் அடங்கும். சூடாக இருந்தது. அம்மா உன்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். டின்னிலிருந்து எண்ணிக் கொடுத்தவள் அவள். கடிகாரத்தைப் பார்த்தவளும் அவள்தான். அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னைக் குளிப்பாட்டினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. உனக்கு லேசாக மேல் சுட்டாலும் என்னைத்தான் பார்ப்பாள்.

சத்தியத்துக்கு அப்புறம் கூட்டம் என் பக்கம் திரும்பிவிட்டது. கிராணி மட்டும் நிதானமாக, "சின்னப்பனுக்கே எழுதிக் கேட்போம். அவன் என்ன எழுதுறானோ அதுதான் முடிவு. ரெண்டு பேரும் ஒத்துக்கணும்" என்றார். நடந்ததையெல்லாம் எழுதி, விமானத் தபாலில் அனுப்பினார். பதில் வர இரண்டு மாசம் ஆனது. அந்த இரண்டு மாசமும் நான் நடந்தே மூன்று டிவிஷனுக்கும் போய் வந்தேன். தபால்காரர் சைக்கிளைத் தூரத்தில் கண்டாலே வேறு வழியாகத் திரும்பிப் போய்விடுவேன். சின்னப்பன் உண்மையைத்தான் எழுதுவான் என்று எனக்குத் தெரியும். வேறு எஸ்டேட்டுக்கு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கடிதம் வந்தது. கிராணி எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டிருந்தான். "என் மோட்டாரை விற்ற வகையில் நானூறு வெள்ளி முழுப்பணமும் பெற்றுக்கொண்டேன். வண்டிக்கும் எனக்கும் இனிச் சம்பந்தம் இல்லை." அதற்குக் கீழே தம்பிக்கு ஒரு வரி. "ஞானம், மச்சானோடு சண்டை போடாதே." ஞானப்பிரகாசம் அந்தத் தாளை வாங்கி அண்ணன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு நேராக என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிருங்கண்ணே. தப்பாப் பேசிட்டேன்" என்றான். நான் அவன் தோளைத் தட்டினேன். "பரவால்லப்பா" என்றேன். என் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால், பஸ் நின்ற இடத்தில் செய்ததைச் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன். அந்தத் தோளைத் தட்டிய கை.

அந்தக் கடிதத்தைக் காட்டி மோட்டாரை மீட்டேன், பேர் மாற்றினேன், டாக்ஸ் எடுத்தேன். அன்று அம்மா முதல்முறையாக அதைப் பற்றிப் பேசினாள். "சீட்டு வந்திருச்சு. காசு எப்பப் போகுது?" கடிகாரத்தையும் கோட்டையும் விற்று, குறைந்ததைச் சேர்த்து, தானா ராத்தா தபாலாபீசில் நூற்றைம்பது வெள்ளியை மணியார்டர் கட்டினேன். அது திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே அவன் கடிதமும் வந்தது. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "மச்சான், பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னாய் என்று கிராணியார் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நான் வாங்கவில்லை என்று எழுதினால் அந்தச் சத்தியம் பொய்யாகிவிடும். பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. அதனால் வாங்கிக்கொண்டேன் என்று எழுதினேன், மனசாலும் வாங்கிக்கொண்டேன். இப்போது நீ அனுப்புவதை நான் எடுத்தால் மறுபடியும் பொய்யாகிவிடும். அனுப்பாதே. பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்."

நான் யாரை ஏமாற்றினேனோ, அவன் எனக்காகப் பொய் எழுதவில்லை அய்யா, உனக்காக எழுதினான். உன்னை அவன் பார்த்ததுகூட இல்லை.

அந்த மோட்டாரில்தான் நீ வளர்ந்தாய். முன்னால் நின்றுகொண்டு கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வாய். பின்னால் அம்மா. பனிக்குள் வளைவு வளைவாக இறங்கி ரிங்லெட்டில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவோம். உன் மூக்கு சிவந்து போகும், ஆனாலும் "இன்னொரு ரவுண்டு போலாம்பா" என்பாய். அணைக்கட்டுத் தண்ணீர் பக்கம் நிறுத்தி வேடிக்கை காட்டுவேன். ரொம்பச் சந்தோஷமான நாட்கள்தான். ஆனால் உன் தலை என் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டு வரும்போதெல்லாம், அந்தக் கடிதம் நினைவுக்கு வராமல் இருக்காது.

உனக்குப் பதினோரு வயசில் சின்னப்பன் ஊரிலேயே காலமாகிவிட்டான். தானா ராத்தா தேவாலயத்தில் ஞானப்பிரகாசம் பூசை வைத்தான். நான் போனேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவனை ஓரமாக அழைத்து, எல்லாவற்றையும் சொல்லி, நூற்றைம்பது வெள்ளியை நீட்டினேன். அவன் அந்தப் பணத்தை என் கைக்குள்ளேயே வைத்து மூடினான். பிறகு சொன்னான். "காசு எனக்கு வேணாண்ணே. அண்ணிக்கு அனுப்புங்க. ஆனா அன்னைக்கு அத்தனை பேரு முன்னால கையெடுத்துக் கும்பிட்டேனே, அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

அதையே இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடும் பெரட்டில், வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். சின்னப்பனுக்கு நான் முழுப்பணம் கொடுக்கவில்லை, அன்று செய்தது பொய்ச் சத்தியம், ஞானப்பிரகாசம் சொன்னதுதான் உண்மை, அவன் என்னிடம் கேட்ட மன்னிப்பை நான்தான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். பாதிப் பேர் புது ஆட்கள், யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஒருவர் சிரித்தார். வயசான ஒரு அம்மா, "இத்தனை வருசம் கழிச்சு எதுக்குலா இதெல்லாம்?" என்றார். மண்டோர், "சரி சரி, வெயில் ஏறுது, கொழுந்துக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். சின்னப்பன் மனைவிக்கு அந்த வாரமே பணம் அனுப்பினேன். கடன் என்று எழுதவில்லை. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க என்று எழுதினேன். அவன் சொன்னதை மீறக் கூடாது அல்லவா. அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அப்படித்தான்.

ஆனால் பெரட்டில் நான் பேசிய அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று, "அப்பா, எல்லாப் பசங்களும் சொல்றாங்க. நீங்க பொய் சொன்னீங்களா? என் தலை மேலயா?" என்று கேட்டாய். ஐம்பது பேர் முன்னால் சொல்ல முடிந்தது எனக்கு உன் ஒருவன் முன்னால் முடியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் காய்கறி லோரி வந்து நின்றது. ஞானப்பிரகாசம் இறங்கி வந்து, "டீ இருக்காண்ணே?" என்றான். குடித்துவிட்டு, "பையன் எங்க?" என்று கேட்டான். நீ என் முகத்தில் விழிக்காமல் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தாய்.

அதனால்தான் அய்யா, மீதியை அப்புறம் தருகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் நண்பர் நல்லவர். நீயும் நல்லவன்தான். அன்று பஸ் நின்ற இடத்தில் நின்ற நாங்கள் இரண்டு பேரும்கூட நல்ல சிநேகிதர்கள்தான். ரசீது கேட்பது அடுத்தவனைச் சந்தேகப்பட்டு அல்ல. பையில் பணம் இருக்கும்போது நம் கை என்ன செய்யும் என்று நமக்கே முன்கூட்டித் தெரியாது, அதனால் கேட்பது. ஆனாலும் உன் நண்பரிடம் நான் பேசிய விதம் தப்பு. அவருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

அன்று வாசலில் நின்று நீ கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன். ஆமாம் அய்யா. பொய்தான் சொன்னேன். உன் தலைமேல்தான் சொன்னேன்.

ஞானப்பிரகாசம் இப்போது கம்போங் ராஜாவில் இருக்கிறான். சின்னதாக ஒரு காய்கறிக் கடை. கல்யாணப் பத்திரிகையை அவனுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னால் மேலே வர முடிந்தால், உன் காரிலேயே மூன்று பேரும் போய் நேரில் வைத்துவிட்டு வரலாம். யாருடைய தலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அவன் அண்ணன் அந்தக் கடிதத்தை எழுதினானோ, அந்தப் பிள்ளையை ஞானப்பிரகாசம் ஒருமுறை நன்றாகப் பார்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா